ஐடி கார்டு பிரிண்டர் உள்ளே என்ன நடக்குது? 80,000 ரூபாய் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



"சார், எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். சுத்தி நாலு ஸ்கூல் இருக்கு. ஐடி கார்டு அடிக்கிற மெஷின் 80 ஆயிரம் சொல்றாங்க. வீட்டுக்காரம்மா நகையை வெச்சு வாங்கலாம்னு இருக்கேன். லாபம் வருமா?"

சின்னத் தொழில் பற்றி நம்ம சேனல்ல எந்த வீடியோ போட்டாலும் இந்த மாதிரி ஒரு கேள்வி வந்துவிடும். மெஷின் பெயர் மாறும், ஊர் மாறும், நகை மட்டும் மாறாது.

இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "ஒரு கார்டுக்கு 15 ரூபாய் செலவு, 100 ரூபாய்க்கு விக்கலாம், ஒரு நாளைக்கு 20 கார்டு போட்டா மாசம் 50 ஆயிரம்." இதைச் சொல்பவர் பெரும்பாலும் மெஷினை விற்கிறவராக இருப்பார். கார்டை விற்கிறவராக இருக்க மாட்டார்.

நான் ஆடிட்டர். மெஷின் ரிப்பேர் எனக்குத் தெரியாது. ஆனால் கார்டு அடிக்கிற கிளையண்ட்ஸ் இருக்காங்க. அவங்க பர்ச்சேஸ் பில்லைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்த ஒரு விஷயம்: இந்தத் தொழிலின் லாப நஷ்டம் அந்த மெஷின் ரிப்பனை எப்படிச் சாப்பிடுகிறது என்பதில்தான் இருக்கு. அதனால முதலில் மெஷினுக்குள்ளே போவோம், கணக்கு அப்புறம்.

கற்பூரம் வேலை செய்கிற விதம்

உங்க பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டை எடுங்க. 85.60 மி.மீ. நீளம், 53.98 மி.மீ. அகலம், 0.76 மி.மீ. தடிமன். இதுக்கு ஐஎஸ்ஓ 7810 என்று ஒரு உலகத் தரநிலை இருக்கு. கடைக்காரங்க சிஆர்80 கார்டு என்று சொல்வாங்க. பேன் கார்டு, ஸ்கூல் ஐடி, கம்பெனி ஐடி எல்லாம் பொதுவா இதே அளவு.

இந்த வழவழப்பான பிவிசி மேல் சாதாரண இங்க்ஜெட் மை பிடிக்காது. கையால் தேய்த்தால் வந்துவிடும். அதனால கார்டு பிரிண்டர் மையைத் தெளிப்பதே இல்லை. சாயத்தைச் சூட்டால் பிளாஸ்டிக்கிற்குள் இறக்குகிறது.

கற்பூரத்தைத் தட்டில் வெச்சிட்டு ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. உருகித் தண்ணியாகாமலே காத்தில் போயிருக்கும். பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் அப்படித்தான். திடப்பொருள் நேரா ஆவியாவதைப் பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல் என்று படிச்சிருப்போம். கார்டு பிரிண்டர் ரிப்பனில் இருக்கும் சாயமும் இந்தக் குணம் உள்ளதுதான். அதனால்தான் 'டை சப்ளிமேஷன்' என்று பெயர். (உண்மையில் சாயம் ஆவியாகிப் பறப்பதைவிட, ரிப்பனிலிருந்து சூடான பிளாஸ்டிக்கிற்குள் நேரா ஊடுருவுவதுதான் அதிகம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பெயர் நிலைச்சு போச்சு, விட்டுடுவோம்.)

சூடு எங்கிருந்து வருது? பிரிண்ட்ஹெட். கார்டின் அகலத்துக்கு ஒரே வரிசையில் பொடிப்பொடியான ஹீட்டர்கள். பெரும்பாலான மெஷினில் ஒரு இன்ச்சுக்கு 300. கார்டின் அகலம் இரண்டே அரைக்கால் இன்ச். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 640 ஹீட்டர். ஒவ்வொன்றும் தனித்தனியா சூடாகும், தனித்தனியா ஆறும். அதிக சூடு கொடுத்தால் அந்தப் புள்ளியில் அதிக சாயம் இறங்கும், குறைத்தால் வெளிர் நிறம். ஒரு நிறத்துக்கு 256 படி வரை இப்படி ஏற்றி இறக்கலாம். மூன்று நிறத்தையும் சேர்த்தால் ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள். போட்டோவில் முகத்தின் நிழலும் வெளிச்சமும் புள்ளி தெரியாமல் இழைந்து வருவது இதனால்தான்.

இப்போ ரிப்பன். கணக்கின் உயிரே இங்கதான் இருக்கு, கொஞ்சம் நிதானமா படிங்க.

ரிப்பன் என்பது ஒரு நீளமான மெல்லிய ஃபிலிம். அதில் கார்டு அளவுக்குக் கட்டம் கட்டமா நிறம் பூசியிருக்கும். மஞ்சள் ஒரு கட்டம், அடுத்து மெஜந்தா, அடுத்து சயான், அடுத்து கறுப்பு, கடைசியா நிறமே இல்லாத ஒரு பாதுகாப்புப் படலம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஒய்எம்சிகேஓ என்பார்கள். இந்த ஐந்து கட்டம் சேர்ந்தது ஒரு செட். ஒரு செட்டுக்கு ஒரு பக்கம். ரோலில் 200 செட், 300 செட் என்று வரும்.

கார்டு உள்ளே போகுது. முதலில் ஒட்டும் தன்மையுள்ள ஒரு ரோலர் அதன் தூசியை எடுக்கும். அப்புறம் பிரிண்ட்ஹெட்டுக்குக் கீழே மஞ்சளோடு ஒரு தடவை போகும். பின்னால் வரும். மெஜந்தாவோடு ஒரு தடவை. மறுபடி பின்னால். இப்படி ஐந்து முறை. வேடிக்கை பார்த்தால் முகம் முதலில் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கும், அப்புறம் செவக்கும், சயான் விழுந்ததும் திடீரென்று மனுஷ முகம் ஆகும். வெள்ளைக்கு என்று தனிக் கட்டம் கிடையாது. வெள்ளை என்பது கார்டின் சொந்த நிறம்.

நாலாவது கட்டமான கறுப்பு மட்டும் வேறு ஜாதி. அது சாயம் இல்லை, ரெசின். பிளாஸ்டிக்கிற்குள் இறங்காது, உருகி மேலே ஒட்டும். ஒட்டினால் முழுக் கறுப்பு, இல்லைன்னா ஒண்ணுமில்லை. நடுவாந்தர சாம்பல் நிறம் அதுக்கு வராது. அதனால் போட்டோவுக்கு ஆகாது. பெயர், நம்பர், பார்கோடுக்கு அதுதான் சரி. மூன்று நிறச் சாயத்தைக் கலந்து வரும் கறுப்பில் பார்கோடு அடித்தால் நம்ம கண்ணுக்குக் கறுப்பா இருக்கும், அகச்சிவப்புக் கதிரால் படிக்கும் ஸ்கேனருக்குத் தெரியாமல் போகலாம். "கார்டு நல்லா இருக்கு, ஆனா கேட்ல ஸ்கேன் ஆகல" என்று கம்பெனியிலிருந்து திரும்பி வரும் ஆர்டர்களில் இதையும் ஒரு காரணமா பாருங்க. டிசைன் பண்ணும்போது பார்கோடைப் படமா ஒட்டாமல், கறுப்பு ரெசினில் போகிற மாதிரி அமைக்கணும்.

கடைசிக் கட்டமான ஓவர்லே இல்லைன்னா சாயம் வெயிலில் வெளுக்கும். பிவிசி பவுச்சில் போட்டு வெச்சால் சாயம் கார்டை விட்டுப் பவுச்சுக்கு இறங்கும். முகம் பவுச்சில் ஒட்டியிருக்கும், கார்டில் இருக்காது.

இதில் இன்னொரு வகையும் உண்டு, ரீட்ரான்ஸ்ஃபர். நேரா கார்டில் அடிக்காமல் முதலில் ஒரு தெளிவான ஃபிலிமில் தலைகீழா அடித்து, பிறகு அந்த ஃபிலிமைச் சூட்டில் கார்டோடு ஒட்டிவிடும். உள்ளே சிப் இருக்கும் கார்டின் மேற்பரப்பு லேசா மேடுபள்ளமா இருக்கும். அங்கே பிரிண்ட்ஹெட் நேரா உரசினால் நிறம் விட்டுப்போகும், ஹெட்டும் அடிபடும். அந்த மாதிரி வேலைக்கு ரீட்ரான்ஸ்ஃபர். விலையும் அதிகம். ஜெராக்ஸ் கடைக்குத் தேவையில்லை, தாண்டிப் போவோம்.

ஒரு பொட்டு மஞ்சளுக்கும் முழுக் கட்டம்

மேலே சொன்னதில் பணம் சம்பந்தப்பட்ட வாக்கியம் எது தெரியுமா? ஒரு பக்கத்துக்கு ஒரு செட் என்பதுதான்.

வீட்டு இங்க்ஜெட்டில் சின்னப் படம் அடித்தால் கொஞ்சம் மை, பெரிய படத்துக்கு நிறைய மை. கார்டு பிரிண்டரில் அந்தக் கதை கிடையாது. கார்டின் ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள் பொட்டு இருந்தாலும் மஞ்சள் கட்டம் முழுசா நகர்ந்து போய்விடும். திரும்பி வராது. தூசி விழுந்து ஒரு கார்டு கெட்டுப்போனாலும் ஒரு செட் போச்சு. பையனோட அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்புன்னா, ஒரு செட் போச்சு. பின்பக்கமும் கலர் வேணும் என்றால் ரெண்டு செட்.

அதாவது ரிப்பன் செலவு டிசைனைப் பொறுத்துக் கூடிக் குறையாது. கார்டு எண்ணிக்கையைப் பொறுத்தது மட்டும். இதைத் தெரிஞ்சுக்கிட்டால் "15 ரூபாய்தான் செலவு" என்று சொல்கிறவரிடம் நீங்களே ரெண்டு கேள்வி கேட்கலாம்: ரிப்பன் எத்தனை செட்? ரிப்பன் விலை ஜிஎஸ்டியோடு எவ்வளவு?

சரி, கணக்குக்கு வருவோம். கீழே வரும் விலைகள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்க ஊர் கொட்டேஷனை வெச்சு மாத்திப் போட்டுக்கோங்க, முறைதான் முக்கியம்.

ரிப்பன் 200 செட், 3,600 ரூபாய். வெற்றுக் கார்டு ஒன்று 5 ரூபாய், 200 கார்டுக்கு 1,000. ஆக 4,600. இதை 200-ஆல் வகுத்து 23 ரூபாய் என்று நிறைய பேர் எழுதுவாங்க. கழிவை மறந்துட்டாங்க. 100-க்கு 5 கெட்டுப்போகும் என்று வெச்சுக்கிட்டால் கைக்கு வரும் நல்ல கார்டு 190. 4,600-ஐ 190-ஆல் வகுத்தால் 24 ரூபாய் 20 காசு. சுத்தம் செய்யும் கிட்டுக்கும் கரண்டுக்கும் ஒரு 80 காசு. மொத்தம் 25 ரூபாய். இது மெஷின் விலை சேராத செலவு.

இப்போ மெஷின். 80,000-க்கு வாங்கி ஐந்து வருஷம் கழித்து 10,000-க்குத் தள்ளிவிடுவீங்க என்று வெச்சுக்குவோம். தேய்வது 70,000. ஐந்து வருஷத்தில் 20,000 கார்டு அடித்தால் கார்டுக்கு 3.50 ரூபாய். வெறும் 6,000 கார்டுதான் அடித்தீங்க என்றால் கார்டுக்கு 11.67. அதே மெஷின், அதே கார்டு. சும்மா கிடக்கிற மெஷின்தான் விலை உயர்ந்த மெஷின்.

விற்கிற விலை ரெண்டு விதமா இருக்கும். கடைக்கு நடந்து வந்து ஒரு கார்டு கேட்கிறவர் 80 ரூபாய் கொடுப்பார். அதில் 55 நிற்கும். பள்ளிக்கூடம் 700 கார்டு மொத்தமா கொடுக்கும். மூணு பேரிடம் கொட்டேஷன் வாங்கி 35 ரூபாயில் முடிப்பார்கள். அதில் நிற்பது 10 ரூபாய். கயிறும் நீங்களே போடணும் என்று கேட்டால் அந்த 10-ம் கரையும்.

மெஷினில் தேயும் 70,000-ஐ எடுக்க, 80 ரூபாய் வாடிக்கையாளர் 1,273 பேர் போதும். பள்ளிக்கூட கார்டு என்றால் 7,000 வேணும். ஜூன், ஜூலை ரெண்டு மாசத்தில்தான் அந்த ஆர்டர் வரும், பணம் ஆகஸ்ட் கடைசியில் வரும். நகைக் கடனுக்கு 10 சதவீத வட்டி என்று வெச்சால் வருஷம் 8,000 ரூபாய். பள்ளிக்கூட லாபத்திலிருந்து வட்டியை மட்டும் கட்டவே 800 கார்டு அடிக்கணும். அசல் அப்படியே நிக்கும்.

அந்த 80 ரூபாய் வாடிக்கையாளர் யார்?

இந்தத் தொழிலில் நான் பார்த்த எல்லாப் பிளானிலும் லாபம் வருவது அந்த நடந்து வருகிற வாடிக்கையாளரிடமிருந்து. அவர் கையில் என்ன கார்டு? பத்தில் ஏழெட்டு பிளானில் அது ஆதார்.

கேள்வி கேட்ட நண்பரின் பிளானும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு நாளைக்கு 5 ஆதார், 300 நாள், 1,500 கார்டு. 55 ரூபாய் வீதம் 82,500. பள்ளிக்கூடம் 1,500 கார்டு, 15,000. மற்ற சில்லறை கார்டு 400, அதில் 22,000. மொத்தம் 1,19,500. பேப்பரில் பார்த்தால் முதல் வருஷத்திலேயே மெஷின் காசு வந்துடுது.

ஆனால் ஆதார் ஆணையம் 2018-லேயே, வெளியில் அடிக்கும் பிளாஸ்டிக் ஆதார் தேவையே இல்லை, சாதாரணத் தாளில் எடுத்த ஆதாரே செல்லும் என்று சொல்லிவிட்டது. விவரங்களை இப்படிக் கடைகளில் கொடுக்காதீர்கள் என்று மக்களையும் எச்சரித்தது. கார்டு அடிப்பதற்காக அனுமதியில்லாமல் ஆதார் விவரத்தைச் சேகரிப்பது குற்றம் என்றும் அப்போதே சொன்னது. 2020 அக்டோபரில் ஆணையமே பிவிசி ஆதாரை 50 ரூபாய் கட்டணத்தில், ஜிஎஸ்டியும் ஸ்பீட் போஸ்ட்டும் சேர்த்து, வீட்டுக்கே அனுப்ப ஆரம்பித்தது. அதில் ஹாலோகிராம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணெழுத்து, நிழல் படம் எல்லாம் உண்டு. 2022 ஜனவரியில், வெளிச்சந்தையில் அடிக்கும் பிவிசி ஆதாரில் எந்தப் பாதுகாப்பு அம்சமும் இல்லை, பயன்படுத்த வேண்டாம் என்று மறுபடி சொன்னது.

பேன் கார்டும் அப்படித்தான். விவரத்தில் மாற்றம் இல்லாத மறுபிரதியை இந்தியாவுக்குள் 50 ரூபாய்க்கு அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனமே அச்சிட்டுத் தருது. அப்போ உங்க கடையில் 80 கொடுத்து வாங்குகிறவர், விஷயம் தெரியாததால் வாங்குகிறார். பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன் போனில் ஒரு தடவை ஆர்டர் போட்டுக் காட்டினால் முடிஞ்சது.

என் கருத்தைச் சொல்லிடறேன்: ஆதாரைப் பிளானிலிருந்து எடுத்துட்டுக் கணக்குப் போடுங்க. வரவு 37,000. வட்டி 8,000 போக 29,000. மெஷின் தேய்மானம் வருஷத்துக்கு 14,000 போக 15,000. மாசத்துக்கு 1,250 ரூபாய். இதில் உங்க உழைப்புக்குக் கூலி ஒரு பைசா சேர்க்கலை. பள்ளிக்கூடத்தில் போய் 700 பிள்ளைகளை வரிசையில் நிற்க வெச்சுப் போட்டோ எடுப்பது சும்மா வேலை இல்லை, எடுத்தவங்களுக்குத் தெரியும்.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லலை. மெஷினின் குணத்துக்கு ஏத்த வேலை இருக்கான்னு பாருங்க என்கிறேன்.

பள்ளிக்கூட மொத்த ஆர்டருக்கு இன்னொரு முறை இருக்கு. இங்க்ஜெட்டில் அடிக்கக்கூடிய பிளாஸ்டிக் ஷீட்டில் ஏ4 அளவில் பத்து கார்டை ஒரே தடவையா அடித்து, மேலும் கீழும் படலம் வெச்சு, ஃபியூசிங் மெஷினில் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டி, கட்டரில் வெட்டி எடுப்பது. கடைவீதியில் ட்ராகன் ஷீட் என்று கேட்டால் கொடுப்பாங்க. ஷீட்டுக்கும் மைக்கும் சேர்த்து 70 ரூபாய் என்றால் கார்டுக்கு 7 ரூபாய்தான். சூடாக்கி ஆறவைக்க நேரம் பிடிக்கும், வெட்டும்போது ஓரம் சரியா வரணும், ஆள் வேணும். ஆனால் 700 கார்டை ஒரு வாரத்தில் கொடுக்கலாம் என்கிற ஆர்டருக்கு அது போதும். 35 ரூபாய் ஆர்டரில் உங்களோடு போட்டி போடுகிறவர் பெரும்பாலும் இந்த முறைக்காரர்தான். அவருடைய 7-க்கு எதிரா உங்க 25 நிக்காது.

தெர்மல் கார்டு பிரிண்டரின் பலம் வேறு. ஒரே ஒரு கார்டு, இப்பவே, கையில். நடுத்தர மெஷின்களில் மணிக்கு 200 சொச்சம் கலர் கார்டு வரை போகும். சேர்ந்த அன்றைக்கே ஐடி கேட்கும் பனியன் கம்பெனி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபத்தில் நடக்கும் கருத்தரங்கு, ஜிம், கிளப் மெம்பர்ஷிப். திருப்பூர், ஓசூர் மாதிரி ஆள் வந்துபோகும் ஊரில் ரெண்டு மூணு கம்பெனியோடு மாச ஒப்பந்தம் கிடைத்தால், இந்த மெஷினுக்கு வேலை இருக்கு. ஒப்பந்தம் முதலில், மெஷின் அப்புறம். வரிசை மாறக்கூடாது.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு, அதுவும் ரிப்பனில்தான். 'ஹாஃப் பேனல்' என்று ஒரு ரிப்பன் வரும். மூன்று நிறக் கட்டமும் பாதி அளவு, கறுப்பும் ஓவர்லேயும் முழு அளவு. போட்டோ கார்டின் ஒரு பாதிக்குள் அடங்கி, மீதியெல்லாம் கறுப்பு எழுத்து என்றால் இது போதும். 400 கார்டுக்கு 4,800 என்று வெச்சால் ரிப்பன் செலவு 18-லிருந்து 12 ஆகுது. கழிவு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 18.70. அதே 35 ரூபாய் ஆர்டரில் 10 நின்ற இடத்தில் 16 ரூபாய்க்கு மேல் நிக்கும். ஒரு டிசைன் முடிவு, லாபம் ஒன்றரை மடங்குக்கு மேல். கம்பெனி லோகோ கலரில் இன்னொரு மூலையில் வேணும் என்று பிடிவாதம் பிடித்தால், லோகோவை மட்டும் ஆப்செட்டில் முன்கூட்டியே அச்சடித்த கார்டை வாங்கிக்கலாம். போட்டோவே இல்லாத மெம்பர்ஷிப் கார்டு என்றால் முன்னச்சு கார்டில் வெறும் கறுப்பு ரிப்பன் போதும். 1,000 கார்டு, 1,500 ரூபாய் என்றால் கார்டுக்கு ஒன்றரை ரூபாய்.

வாங்கும்போது விற்பனையாளர் பிரிண்ட் தரத்தைப் பற்றி நிறையப் பேசுவார். நீங்க பிரிண்ட்ஹெட் வாரண்டியைப் பற்றிக் கேளுங்க. 640 ஹீட்டரில் ஒன்று போனால் ஒவ்வொரு கார்டிலும் நெடுக ஒரு வெள்ளைக் கோடு வரும், அதை சாஃப்ட்வேரில் சரி பண்ண முடியாது. ஹெட்டை மாத்தணும், அதுதான் மெஷினிலேயே விலை கூடின பாகம். ஒட்டு கார்டில் ஒரு மணல் துகள் இருந்தாலே கீறல் விழும். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் புழுதியில் மெஷினைத் திறந்து வெச்சு, மேலே ஃபேனையும் போட்டு, வடை சாப்பிட்ட கையால் கார்டை எடுத்துப் போட்டால் வாரண்டியும் காப்பாத்தாது. கார்டை ஓரத்தில் பிடிக்கணும். ரிப்பன் மாத்தும்போதெல்லாம் ஆல்கஹால் தோய்ந்த கிளீனிங் கார்டை விடணும். பல பிராண்டில் ரிப்பனுக்குள்ளே ஒரு சின்ன சிப் இருக்கும். வேறு கம்பெனி ரிப்பனைப் போட்டால் மெஷின் ஏற்காது. மெஷின் விலையைக் குறைத்துப் பேசுகிறவர், அடுத்த ஐந்து வருஷம் ரிப்பனில் எடுத்துக்குவார். அதனால மெஷின் கொட்டேஷனோடு ரிப்பன் கொட்டேஷனையும் எழுத்தில் வாங்குங்க.

தூக்கிப்போடுற ரிப்பனில் இருக்கும் முகங்கள்

இது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். கிளையண்ட் ஒருவர் கடையில் ஸ்டாக் பார்க்கப் போனப்போ, காலியான ரிப்பன் ரோல்களைக் காயலான் கடைக்குப் போட ஒரு சாக்கில் கட்டி வெச்சிருந்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பிடிச்சேன். கறுப்புக் கட்டம் ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, அப்பா போன் நம்பர், வீட்டு விலாசம். எழுத்து எழுத்தா படிக்க முடியுது.

எப்படி என்று யோசித்தால் சுலபம். கறுப்பு ரெசின் உருகிக் கார்டுக்குப் போன இடம் ரிப்பனில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எழுத்தின் அச்சு அப்படியே நிற்கும். மூன்று நிறக் கட்டத்திலும் முகத்தின் நெகடிவ் இருக்கும். 200 செட் ரோல் என்றால் 200 பிள்ளைகளின் விவரம், வரிசையா, போட்டோவோடு. ரீட்ரான்ஸ்ஃபர் ஃபிலிமிலும் இதே கதைதான்.

அவர் அந்தச் சாக்கை அன்னிக்கே பிரிச்சு, ரோல் ரோலா வெட்டிப் போட்டார். ரெண்டு நாள் வேலை. சில மெஷினில் கறுப்புக் கட்டத்தைப் பயன்படுத்தின பிறகு அதை அழிக்கும் வசதி டிரைவரிலேயே இருக்கு, ஆன் பண்ணி வெச்சுக்கோங்க. இல்லைன்னா ரோலை வெட்டியோ ஷ்ரெட்டரில் விட்டோ போடணும். பள்ளிக்கூடம் கொடுத்த எக்செல் ஷீட்டும் போட்டோ ஃபோல்டரும் உங்க கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பில் வருஷக்கணக்கா கிடக்கக்கூடாது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஜெராக்ஸ் கடைக்கு 250 கோடி போடமாட்டாங்க, அது எனக்கும் தெரியும். ஆனால் உங்களுக்கு ஆர்டர் கொடுத்த பள்ளிக்கூடம் பதில் சொல்ல வேண்டி வந்தால், அடுத்த வருஷம் ஆர்டர் யாருக்குப் போகும்? பெரிய கம்பெனிகள் இப்பவே ஒப்பந்தத்தில் இதை ஒரு ஷரத்தா கேட்க ஆரம்பிச்சாச்சு. "பழைய ரிப்பனை அழிச்சுட்டுத்தான் போடுவோம்" என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி சேருங்க. உங்க ஊரில் அதை எழுதுகிற முதல் ஆள் நீங்களா இருக்கலாம்.

வரி சம்பந்தமா சுருக்கமா

பிரிண்டர், ஸ்கேனர் மாதிரி கம்ப்யூட்டரோடு சேர்ந்து இயங்கும் சாதனங்கள் கம்ப்யூட்டரின் பகுதியே என்று 2010-இல் பிஎஸ்இஎஸ் வழக்குகளில் டெல்லி உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதனால் சாதாரண இயந்திரத்துக்கான 15 சதவீதம் இல்லாமல், கம்ப்யூட்டருக்கான 40 சதவீதத் தேய்மானத்தைக் கேட்கலாம் என்பது என் நிலைப்பாடு. 80,000-க்கு முதல் வருஷம் 32,000. ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினால் பாதிதான், 16,000. அக்டோபர் முதல் வாரத்துக்கு அப்புறம் வாங்கினால் இந்தப் பாதியில் விழுவீங்க. வரிக்காக மட்டும் மார்ச்சில் வாங்காதீங்க. ஸ்கூல் சீசனுக்கு மே மாசம் வாங்கினால் சீசனும் கிடைக்கும், முழுத் தேய்மானமும் கிடைக்கும்.

44ஏடி என்று நாம் பழகின ஊக வருமானத் திட்டத்தில், அதாவது விற்பனையில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று காட்டுகிறவர்களுக்கு, தேய்மானம் தனியா கழிக்க முடியாது. அந்தச் சதவீதத்துக்குள்ளேயே அது அடங்கிவிட்டதா சட்டம் எடுத்துக்கும்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடை என்றால் மெஷின் பில்லில் இருக்கும் 18 சதவீத வரியும் உங்க செலவுதான், கொட்டேஷனை வரியோடு பாருங்க. பதிவு இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவா எடுக்கலாம். எடுத்தால் அதே தொகை மேல் தேய்மானம் கேட்கக்கூடாது, ரெண்டில் ஒண்ணுதான். பதிவு இல்லாதவங்க ஒரு கண் விற்பனை மேல வெச்சிருங்க: தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்கிறவருக்கு 40 லட்சம் எல்லை, சேவை கலந்தால் 20 லட்சம். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கார்டு எல்லாம் ஒரே பேனில்தான் சேரும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு நான் அனுப்பின பதில் இதுதான்: நகையை இப்போ எடுக்க வேண்டாம். இந்த ஜூனுக்குப் பள்ளிக்கூட ஆர்டரைப் பிடிங்க, மாவட்டத் தலைநகரில் ஃபியூசிங் முறையில் அடித்துக் கொடுக்கிறவரிடம் ஜாப் ஒர்க்காக் கொடுத்து வாங்குங்க. கார்டுக்கு 5, 6 ரூபாய் நின்றாலும் முதல் போடாமல் நிக்குது. கூடவே, உடனடி கார்டு வேணும் என்று எத்தனை பேர் கேட்டு வர்றாங்க என்பதை, ஆதாரும் பேனும் இல்லாமல், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. மூணு மாசத்துக்கு மாசம் நூறைத் தாண்டினால் அந்த நோட்டோடு வாங்க, மெஷின் கொட்டேஷனை உட்கார்ந்து பார்ப்போம். நூறு என்பது சும்மா சொன்ன எண் இல்லை. நூறு கார்டுக்கு 55 வீதம் 5,500. மாச வட்டி 670-ம் தேய்மானம் 1,170-ம் போக மூவாயிரத்து அறுநூறு சொச்சம் உங்க கைக்கு வரும்.